மேடை ஒளியில் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் நடக்கும் அரங்கேற்றங்கள், கோயில் மண்டபக் கச்சேரிகள், தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாக்கள் என்று கோலாலம்பூரில் பல வருடங்களாக மேடைக்குக் கீழே கேமராவோடு உட்கார்ந்திருக்கிறேன். இடைவேளையில் தேநீர் மேசைக்குப் போனால் யாராவது தம் கேமராவை நீட்டி, "இது ஏன் இப்படி வருகிறது?" என்பார். பாதி சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அதனால்தான் எழுதி வைத்தேன். கேட்டவர்களின் சொற்களை அதிகம் மாற்றவில்லை.

அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமரா. ஆட்டோவில் வைத்தால் தானே பார்த்துக்கொள்ளாதா?

பிறந்தநாள் விழாவில் பார்த்துக்கொள்ளும். மேடையில் ஏமாந்துபோகும். கேமராவின் மீட்டர் தன் முன்னால் இருப்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, மொத்தமும் நடுத்தரச் சாம்பல் அளவுக்கு வரவேண்டும் என்று கணக்குப் போடுகிறது. அரங்கத்தில் படத்தின் முக்கால் பாகம் கறுப்புத் திரை. நடுவில் சின்னதாக, பிரகாசமாக ஒரு பெண் ஆடுகிறாள். கறுப்பைச் சாம்பலாக்கப் போய்க் கேமரா வெளிச்சத்தைக் கூட்டுகிறது. முகம் சுண்ணாம்பு பூசியது போல வெளுக்கிறது, ஷட்டர் வேகமும் குறைந்து கைகள் கலங்கிப்போகின்றன.

பின்திரை கறுப்பாகத்தான் இருக்கும். அதைக் கறுப்பாகவே விட்டுவிட்டு, முகத்தின் வெளிச்சத்தை மட்டும் அளந்து மேனுவலில் நிறுத்திவிடுங்கள். மேனுவல் பழகும்வரை ஆட்டோவில்தான் எடுப்பேன் என்பவர்கள் எக்ஸ்போஷர் ஈடுகட்டும் பொத்தானில் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை குறைத்து வைத்துக்கொள்ளலாம் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், கூட்டினால் இரட்டிப்பாகும்). பாதி நோய் அதிலேயே தீரும்.

மேனுவலுக்கு மாறிவிட்டேன் அண்ணே. எந்த எண்ணில் ஆரம்பிப்பது?

லென்ஸ் திறப்பு எஃப்/2.8, ஷட்டர் 1/250 நொடி, ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200. முன் ஒளி நன்றாக உள்ள அரங்கில் சரியான அளவு இதற்கு ஒரு ஸ்டாப் முன்னேயோ பின்னேயோ இருக்கும். கேமராவோடு வந்த லென்ஸை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: தூரத்துக்கு இழுத்த நிலையில் அது எஃப்/5.6 அளவுக்குத்தான் திறக்கும். எஃப்/2.8 லென்ஸோடு ஒப்பிட்டால் கால் பங்கு வெளிச்சம்தான். அதே ஷட்டர் வேகம் வேண்டுமானால் ஐஎஸ்ஓ 12800 ஆகிவிடும். அப்போது இடத்தைவிட்டு எழுந்து மேடைக்கு அருகில் போய், லென்ஸை இழுக்காமல் எடுப்பது புத்திசாலித்தனம்.

ஷட்டர் வேகத்தை ஆட்டத்தைப் பார்த்து மாற்றுங்கள். உட்கார்ந்து பாடுபவருக்கு 1/125 போதும். பதத்தில் அபிநயத்துக்கு 1/200. ஜதிக்கும் தில்லானாவுக்கும் 1/500. வெளிச்சம் குறைவாக இருந்து 1/500 கிடைக்காவிட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஜதியை முடித்துவைக்கும் தீர்மானத்தின் கடைசித் 'ததிங்கிணதோம்' முடியும்போது ஆடுபவர் ஒரு கணம் சிலையாக நிற்பார். அந்தக் கணத்தில் 1/160கூடப் போதும். தாளம் தெரிந்தவர் பழைய கேமராவில் எடுத்த படம், தாளம் தெரியாதவர் புதிய கேமராவில் எடுத்ததைவிட நன்றாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஐஎஸ்ஓ 6400 என்றாலே பயமாக இருக்கிறது. படம் மணல் மணலாக வராதா?

வரும். வரட்டும். பயந்து 1600இல் எடுத்து, வீட்டில் கணினியில் இரண்டு ஸ்டாப் தூக்கினாலும் அதே மணல் வரும், பல கேமராக்களில் இன்னும் மோசமாக. மணலைக் குறைக்க இன்று நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. கலங்கிய கையைச் சேர்த்துவைக்க எதுவும் இல்லை.

முகத்தை மட்டும் அளப்பது எப்படி? ஆடுபவர் ஓடிக்கொண்டே இருக்கிறாரே.

ஸ்பாட் மீட்டரிங் என்ற முறையில் கேமரா சட்டகத்தின் மிகச் சிறிய வட்டத்தை மட்டும் பார்க்கும். புஷ்பாஞ்சலியிலோ அலாரிப்பின் தொடக்கத்திலோ ஆடுபவர் மேடை நடுவில் நிற்கும்போது அந்த வட்டத்தை அவர் கன்னத்தில் வைத்து அளந்துகொள்ளுங்கள். மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்றே நினைக்கும் என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா? மாநிறம் அதற்குச் சற்றுக் கீழே. எனவே மீட்டர் சொல்வதைவிட அரை ஸ்டாப் குறைத்து வையுங்கள். நல்ல கறுப்பு நிறத்தவர் என்றால் ஒரு ஸ்டாப். கனமாக ஒப்பனை பூசிய முகத்துக்கு மீட்டர் சொல்வது ஏறக்குறையச் சரியாகவே இருக்கும்.

ஒரு படம் எடுத்துவிட்டு, அதிக வெளிச்சமான இடம் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையைப் போட்டுப் பாருங்கள். நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் பட்டின் சரிகையும் மினுக்கினால் கவலை வேண்டாம். பொன் பளபளக்கத்தான் செய்யும். நெற்றியும் மூக்குத் தண்டும் மினுக்கினால் உடனே குறையுங்கள். அதன் பிறகு முன் ஒளி மாறும்வரை எண்களைத் தொடாதீர்கள்.

என் மகள் கொஞ்சம் கறுப்பு. படத்தில் வெளிச்சம் கூட்டிக் கொடுக்க முடியுமா தம்பி?

இதைக் கேட்காத அம்மா அரிது. எக்ஸ்போஷர் கேள்வி போலத் தோன்றினாலும் இது வேறு கேள்வி. முகம் நிழலில் விழுந்து கண் தெரியாமல் போயிருந்தால் அது என் தவறு, திருத்தித் தருகிறேன். முகம் தெளிவாக, அதன் சொந்த நிறத்தில் வந்திருந்தால் அதற்கு மேல் ஏற்றமாட்டேன். ஒரு ஸ்டாப் ஏற்றிப் பாருங்கள்: கன்னத்தின் மேடு பள்ளம் மறையும், கண் மையின் கூர்மை குறையும், அரக்குப் பட்டு ரோஜா நிறமாகும். வருடக்கணக்கில் பயின்ற முகபாவம்தான் முதலில் அழியும்.

ஒளியமைப்பாளரிடம் கேட்கக்கூடிய உதவி ஒன்று உண்டு. கறுப்பு நிறத்தவருக்குப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் விழும் ஒளி தோள், தாடை, கை விரல் ஆகியவற்றின் விளிம்பைப் பிரித்துக் காட்டும். ஒத்திகையன்றே கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள்.

ஃபிளாஷ் போட்டால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லையே?

பதினைந்தாவது வரிசையிலிருந்து போடும் ஃபிளாஷ் முன் வரிசைத் தலைகளுக்குத்தான் வெளிச்சம் தரும், மேடைக்குப் போய்ச் சேராது. பக்கத்திலிருந்து போட்டால் ஆடுபவரின் கண் கூசும், ஒளியமைப்பும் பாழ். வேண்டாம்.

கைப்பேசிதான் இருக்கிறது. அதில் ஏதாவது செய்ய முடியுமா?

முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். குவியமும் வெளிச்சமும் அங்கே பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் தோன்றும் சூரியன் குறியை, முகம் வெளுப்பது நிற்கும்வரை கீழே இழுங்கள். புரோ முறை உள்ள கைப்பேசியானால் ஒயிட் பேலன்ஸையும் 4000இல் நிறுத்திவிடுங்கள், ஏன் என்பது கீழே வருகிறது. இரவு முறையை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது. ஆடுபவர் நான்கு கையோடு வருவார்.

ஒயிட் பேலன்ஸ் எதற்கு? அதுவாவது ஆட்டோவில் இருக்கலாமா?

என் கதையைச் சொல்கிறேன். தொடக்க காலத்தில் ஓர் அரங்கேற்றத்தை முழுக்க ஆட்டோ ஒயிட் பேலன்ஸில், அதுவும் ஜேபெக் கோப்பாகவே எடுத்தேன். வர்ணம் என்ற நீண்ட உருப்படி முப்பது நிமிடத்துக்கு மேல் போனது. பின்னணி ஒளி நீலமாகும்போதெல்லாம் கேமரா அதைச் சமன் செய்ய மஞ்சளைக் கூட்டியது. சிவப்பு வந்தால் பச்சை நீலத்தைக் கூட்டியது. அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒரே பட்டு ஒன்றில் அரக்கு, மற்றதில் ஆரஞ்சு. "சென்னையில் ஆள் வைத்து நெய்து வரவழைத்த அரக்குப் பட்டு இது" என்று அந்த அம்மா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். முழுதாகத் திருந்தவும் இல்லை.

விளக்குக்கு விளக்கு வெண்மை மாறும். கண் அதற்குத் தானாகப் பழகிக்கொள்ளும். கேமராவுக்கு, 'இந்த ஒளிதான் இங்கே வெள்ளை' என்று நாம் சொல்ல வேண்டும். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அது புதிதாக ஊகிக்கும். ஊகம் தவறினாலும் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி தவறினால் ஒரே சொடுக்கில் திருத்தலாம், அதனால்தான் ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண் ஒன்றில் நிறுத்தச் சொல்கிறேன். கூடவே, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுங்கள். அதில் ஒயிட் பேலன்ஸைப் பிறகு மாற்றினாலும் தரம் குறையாது.

கெல்வின் எண்ணைக் குறைத்தால் மஞ்சளாக வேண்டாமா? என் கேமராவில் நீலமாகிறதே!

கேமரா பழுதில்லை. நாம் வைக்கும் எண், 'எதிரே உள்ள ஒளி இது' என்று கேமராவுக்குச் சொல்லும் தகவல். 3200 என்றால் மஞ்சள் ஒளி இருக்கிறது என்று பொருள். அதை ஈடுகட்டக் கேமரா நீலத்தைச் சேர்க்கிறது. ஒளி உண்மையிலேயே மஞ்சளாக இருந்தால் இரண்டும் சேர்ந்து வெள்ளையாகும்.

அப்படியானால் எந்த எண்ணில் நிறுத்துவது?

பழைய ஹாலஜன் மேடை விளக்குகள் 3200 கெல்வின். பகல் வெளிச்சம் 5500 அளவில். ஆடுபவரைத் துரத்தும் ஃபாலோ ஸ்பாட் பல இடங்களில் பகல் ஒளிக்கு அருகில் இருக்கும். எல்இடி விளக்கு, வைத்தவர் வைத்ததுதான். எதுவும் தெரியாத அரங்கத்தில் நான் 4000இல் தொடங்குகிறேன். ஹாலஜன் விளக்கை மங்கலாக்கினால் அது இன்னும் சிவந்துபோகும் என்பதை மறக்காதீர்கள். மங்களத்தில் ஒளி மெல்ல அடங்கும்போது முகம் செம்பு நிறமாவது அதனால்தான், அந்த அழகைத் திருத்த வேண்டாம்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒத்திகைக்குப் போங்கள். ஒளியமைப்பாளரிடம் வண்ணம் கலக்காத முன் ஒளியை மட்டும் ஒரு நிமிடம் போடச் சொல்லி, நடுமேடையில் யாரையாவது சாம்பல் அட்டையோடு நிறுத்திப் படம் எடுத்துவிட்டால் அந்த அரங்கத்தின் எண் கையில் வந்துவிடும். பிரிக்ஃபீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அரங்கத்திலோ செந்தூலில் கேஎல்பேக் என்ற நிகழ்கலை மையத்திலோ நிகழ்ச்சி என்றால், ஆசிரியையிடம் முன்பே சொல்லி ஒத்திகை நேரத்தில் இதற்கு இடம் கேளுங்கள்.

மிருதங்கக்காரரின் வெள்ளை வேட்டியைக் காட்டிச் சரிசெய்தேன். முகம் மஞ்சளாகிவிட்டது. ஏன்?

வேட்டி வெள்ளை இல்லை. நீலம் போட்டு வெளுத்ததோ, பளிச்சென்று காட்டும் சலவைத்தூளில் துவைத்ததோ லேசான நீலம். அதை வெள்ளை என்று கேமராவிடம் சொன்னால் எல்லாவற்றிலும் மஞ்சளைச் சேர்க்கும். தலையில் சூடும் பிளாஸ்டிக் மல்லிகையும் இதே துரோகத்தைச் செய்யும். உண்மையான மல்லிகையோ லேசான பால் நிறம், அது படத்தை நேர்மாறாகக் குளிரச் செய்யும். சாம்பல் அட்டை இல்லாவிட்டால் மைக் நிற்கும் கம்பியோ ஸ்பீக்கர் பெட்டியின் சாம்பல் விளிம்போ பரவாயில்லை.

இன்னொன்று: முகத்தைச் சரிசெய்துவிட்டுக் கையைப் பாருங்கள். ஒப்பனை முகத்துக்கும் கழுத்துக்குமே போடப்படுகிறது. முகம் ரோஜா, கை மாநிறம் என்றிருந்தால் அது ஒயிட் பேலன்ஸ் குற்றமில்லை. நான் கையின் நிறத்தையே நம்புவேன்.

சிவப்பு விளக்கு வந்தால் முகம் தக்காளி போல ஆகிறது. மூக்கே தெரிவதில்லை.

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. கேமராவுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கணக்கு. எல்இடியின் சிவப்பு, மிகக் குறுகலான அலைநீள வரம்புக்குள் அடங்கிய சிவப்பு. பச்சைக்கும் நீலத்துக்கும் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது, சிவப்புக் கணக்கு மட்டும் நிரம்பி வழியும். கன்னமும் மூக்கும் ஒரே உச்ச அளவை எட்டிவிட்டால் இரண்டுக்கும் வேறுபாடு எங்கிருந்து வரும்? மீட்டர் மூன்றையும் கலந்து பார்ப்பதால், 'இருட்டாக இருக்கிறதே' என்று இன்னும் கூட்டச் சொல்லும். வெளிச்ச அளவுகளைக் குன்று போல வரைந்து காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராமும் ஒன்றும் நடக்காதது போலவே காட்டும்.

ஆகவே மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்புக் குன்று வலது சுவரில் முட்டினால், முட்டாத அளவுக்குக் குறையுங்கள். பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் ஆகும். கேமராவின் முதுகுத் திரையில் படம் இருட்டாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஹிஸ்டோகிராம் ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து வரைவது, ரா கோப்பில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் இடம் இருக்கும். ஒயிட் பேலன்ஸை 3200 பக்கம் வைத்திருந்தால் முன்னோட்டத்தில் சிவப்பு குறைவாகப் பெருக்கப்படும், நிலவரமும் உண்மைக்கு அருகில் தெரியும்.

வீட்டுக்கு வந்து அந்தச் சிவப்பைச் சாதாரணத் தோல் நிறமாக்க முயலாதீர்கள். பதிவாகாத பச்சையை எந்த மென்பொருளும் கொண்டுவராது. கொண்டுவரவும் வேண்டாம். காளி வரும் இடத்தில் சிவப்பை யாரோ யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். இங்கே ஒடிசிக்குப் பேர்போன சூத்ரா நடனக் குழுவின் மேடைகளுக்கு ஒளியமைக்கும் சிவராஜா நடராஜன் ஓவியரும்கூட. ஒரு ஓவியர் தீட்டிய சிவப்பைத் துடைத்துவிட்டுப் பாஸ்போர்ட் படம் போலாக்க நமக்கு என்ன உரிமை?

நீலத்திலும் அதேதானா?

அதே நோய்தான், கொஞ்சம் முற்றியது. ஆழ்ந்த எல்இடி நீலம் சாதாரணத் திரைகள் காட்டக்கூடிய நிற எல்லைக்கே வெளியே போய்விடுவதால், முகத்தில் ஊதா நிறத் திட்டுகள் ஒட்டுப்போட்டது போல விழும். எடுக்கும்போது மேலே சொன்ன ஹிஸ்டோகிராமில் நீலத்தைக் கவனியுங்கள். பிறகு நீலத்தின் செறிவைக் குறைத்தால் திட்டுகள் கொஞ்சம் கரையும். கரையாவிட்டால் கறுப்பு வெள்ளை ஆக்கிவிடுங்கள். முகபாவம் நல்லதாக இருந்தால் யாரும் குறை சொன்னதில்லை.

படத்தில் குறுக்கே கோடு கோடாக வருகிறது. சென்சார் போய்விட்டதா?

கடைக்கு ஓடாதீர்கள். பல எல்இடி விளக்குகளை மங்கலாக்கும் முறையே, அவற்றை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றுவதுதான். மின்னணு ஷட்டர் படத்தை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. சில வரிகள் விளக்கு எரியும்போது, சில அணையும்போது. அதுவே கோடு. விளக்கை மங்கலாக்க மங்கலாக்க எரியும் நேரம் குறைந்து கோடு தடிக்கும். சிவப்பும் நீலமும் தனித்தனியே மினுக்குவதால் கோடுகள் வண்ணத்திலும் வரலாம்.

முதல் மருந்து மெக்கானிக்கல் ஷட்டர். 'டக்' என்ற சத்தத்துக்காக முறைப்பார்கள், மிருதங்கம் உச்சத்தில் இருக்கும்போது எடுங்கள். இரண்டாவது, ஷட்டர் வேகத்தைக் குறைப்பது. 1/500இல் வரும் கோடு 1/160இல் பலமுறை மறைந்துவிடும், தீர்மானத்துக்குக் காத்திருக்கச் சொன்னது இங்கேயும் உதவும். மூன்றாவது, புதிய கேமராக்கள் சிலவற்றில் ஷட்டர் வேகத்தைத் தசமப் புள்ளிவரைகூட நுணுக்கி மாற்றலாம். நிகழ்ச்சிக்கு முன்பே விளக்கைப் பார்த்துக் கோடு மறையும் எண்ணைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளிக்கர் தடுப்பு போட்டிருந்தேனே, அப்படியும் வந்தது.

அந்த வசதி பொதுவாக மின்கம்பியிலிருந்து வரும் துடிப்புக்கானது. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். மேடை எல்இடியின் துடிப்பு இதற்குச் சம்பந்தமில்லாதது.

கோயில் மண்டபத்தில் நவராத்திரிக் கச்சேரி எடுத்தேன். ஒரு படம் பச்சை, அடுத்த படம் பழுப்பு. ஒயிட் பேலன்ஸைப் பூட்டித்தான் வைத்திருந்தேன்.

அப்படியானால் குற்றவாளி மேற்கூரைக் குழல்விளக்கு. போன பதிலில் சொன்ன 100 துடிப்பில் அதன் வெளிச்சம் மட்டுமல்ல, நிறமும் மாறும். 1/500இல் எடுத்தால் துடிப்பின் ஏதோ ஒரு துண்டுதான் கிடைக்கும். 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுத் துடிப்பும் உள்ளே வந்து எல்லாப் படமும் ஒன்றுபோல் ஆகும். ஃபிளிக்கர் தடுப்புக்குச் சரியான இடமும் இதுவே. வீடியோ எடுப்பவர்களும் இதே காரணத்துக்காக நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50 என்று வைத்துக்கொள்வது நல்லது.

மண்டபத்தில் இன்னொரு தொல்லை, கலப்பு ஒளி. மேலே குழல்விளக்கு, முன்னால் வாடகைக்கு எடுத்த மஞ்சள் விளக்கு, பக்கவாட்டில் வாசல் வழியே மாலை வெயில். ஓர் எண்ணால் மூன்றையும் வெல்ல முடியாது. பாடகரின் முகத்தில் எந்த ஒளி அதிகம் விழுகிறதோ அதற்குச் சரிசெய்துவிட்டு மற்றவற்றை மறந்துவிடுங்கள். நிர்வாகத்தாரிடம் பணிவாகக் கேட்டால் மேடைக்கு நேர் மேலே உள்ள இரண்டு குழல்விளக்குகளை அணைத்தும் தருவார்கள்.

குத்துவிளக்கு ஏற்றும்போது சுடர் வெள்ளைப் பொட்டாகவும் பிரமுகரின் முகம் இருட்டாகவும் வருகிறது.

அந்த நேரத்தில் மேடை ஒளி இன்னும் முழுதாக வந்திருக்காது, சுடர்தான் ஒரே விளக்கு. முகத்துக்கு அளந்தால் சுடர் வெளுக்கும், சுடருக்கு அளந்தால் முகம் போகும். முதல் திரி பற்றும்போது அவசரப்படாமல், ஐந்து திரியும் எரிந்து எல்லோரும் விளக்கை நோக்கிக் குனியும்வரை காத்திருங்கள். சுடர் முகத்துக்கு ஒளி கொடுக்கும். முகத்துக்கு அளந்து அரை ஸ்டாப் மட்டும் குறையுங்கள். ஒயிட் பேலன்ஸைத் தொட வேண்டாம். விளக்கொளி 2000 கெல்வினுக்கும் கீழே, அதை வெள்ளையாக்கினால் பின்னால் நிற்பவர்கள் அனைவரும் நீலமாகிவிடுவார்கள்.

பின்னால் பெரிய எல்இடி திரை வைத்துவிட்டார்கள். என்ன செய்வது?

முதல் கேள்வியின் தலைகீழ். இங்கே பின்னணி பிரகாசம் என்பதால் மீட்டர் குறைத்துச் சொல்லும், ஆடுபவர் நிழலாவார். மேனுவலில் முகத்துக்கு அளந்தவருக்கு இதனால் பாதிப்பில்லை. திரை வெளுத்துப்போனால் போகட்டும், அல்லது ஓரத்துக்கு நகர்ந்து கறுப்புத் திரை பின்னால் வருமாறு எடுங்கள். திரையில் ஓடும் கோடுகளுக்கு மேலே சொன்ன ஷட்டர் வைத்தியமே.

திரையில் பார்த்தபோது நன்றாக இருந்தது. ஆல்பம் அச்சாகி வந்தபோது எல்லாம் இருட்டு. கடையின் தவறா?

பெரும்பாலும் உங்கள் கணினித் திரையின் பிரகாசம்தான் காரணம். அதை உச்சத்தில் வைத்துத் திருத்தினால், படம் போதுமான வெளிச்சம் என்று ஏமாந்து குறைத்து அனுப்பிவிடுவோம். காகிதம் தானாக ஒளிராது. வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒத்திருக்கும்வரை பிரகாசத்தைக் குறைத்துக்கொண்டு திருத்துங்கள்.

மேடைப் படத்தில் கறுப்பு அதிகம் என்பதால் சில கடைகளின் அச்சு இயந்திரம், கேமரா மீட்டரைப் போலவே, தானாகத் திருத்தப் பார்க்கும். தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். முழு ஆல்பத்தை அச்சடிக்கும் முன் சிவப்பு ஒளியில் ஒன்று, சாதாரண முன் ஒளியில் ஒன்று, குத்துவிளக்கோடு ஒன்று என்று மூன்று படங்களை 4ஆர் அளவில் போட்டுப் பார்த்து, அம்மாவிடம் அந்த அரக்குப் பட்டையும் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.